காலிப் புகார்ப் பெட்டி

“அக்கா, ஒரு வார்த்தை கேட்காம எல்லாத்தையும் அழிக்கிற அந்தக் கட்டளையை உன் கணினி மொழியிலிருந்து தூக்கிடு. உன் கால்ல விழறேன்!”

தம்பி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில், அவன் எழுதிய நிரலில் இருந்த அந்தக் கட்டளையால் ரத்தப் பரிசோதனை முடிவுகள் அத்தனையும் அன்று காலை அழிந்துபோயிருந்தன.

அந்த மொழியை உருவாக்கிய அக்கா மசியவில்லை. “நீ கவனிக்காம எழுதிட்டு என் மொழி மேல பழி போடாதே. உலகமே பயன்படுத்துது, ஒரு புகார் வந்திருக்கா?”

திரையில் புகார்ப் பெட்டியைத் திறந்து காட்டினாள். காலியாக இருந்தது.

“காலையிலேர்ந்து நானே எத்தனையோ அனுப்பினேனே!”

“வந்திருந்தா எங்கேடா போகும்?”

தம்பி காலிப் பெட்டியை உற்றுப் பார்த்தான். “அக்கா... குப்பை மெயிலை நீக்க இந்தப் பெட்டிக்கு எந்தக் கட்டளை போட்டிருக்கே?”

“அதேதான்! வேற எது அவ்வளவு சுத்தமா அழிக்கும்?” என்று பெருமையாகச் சொன்னவளின் முகம் வெளிறியது.