கேட்டால்தான் தண்ணீர்

மூன்று வயது ரோஷ்னிக்கு ஆட்டிசமா என்று கண்டறிய, மருத்துவமனையிலிருந்து வந்து கூடத்திலும் அடுப்படியிலும் நாற்பது நாளுக்குக் கேமரா பொருத்திவிட்டுப் போனார்கள். குழந்தை வாய் திறந்தோ கை நீட்டியோ கேட்காமல் தாய் எதையும் கொடுக்கக்கூடாது. கொடுத்தால் மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

ஜெசிந்தா இரண்டு முறை தோற்றாள். ரோஷ்னி எதையும் கேட்கமாட்டாள். தாகமெடுத்தால் வந்து அம்மாவின் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நிற்பாள், அவ்வளவுதான். ஜெசிந்தாவுக்கு அது போதும், கேமராவுக்குப் போதவில்லை.

"இந்தத் தடவையாவது மனசக் கல்லாக்கிக்கோ ஜெசி. அறிக்கை இல்லாம எந்த ஸ்கூல்ல சேத்துக்குவாங்க?" என்றான் கணவன் அருள்தாஸ்.

மூன்றாம் முறை அவள் கல்லாகவே இருந்தாள். சேலையில் முகம் புதைத்த மகளைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பத்தாம் நாள் ரோஷ்னி வருவதை நிறுத்திவிட்டு, குளியலறை வாளியிலிருந்து அள்ளிக் குடிக்கப் பழகிக்கொண்டாள்.

கேமராவைக் கழற்றிய அன்றே அறிக்கை வந்தது. அருள்தாஸ் வாசித்தான்: "ஆட்டிசம் உறுதி. குழந்தை தாயை நாடுவதில்லை."

"எங்கிட்டதானே வந்துக்கிட்டிருந்தா," என்றாள் ஜெசிந்தா. "அத எழுதலையா?"

அவன் அறிக்கையை மறுபடி முதலிலிருந்து புரட்டினான். டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு அவள் மகளிடம் ஓடினாள். ரோஷ்னி அவளைத் தாண்டிக் குளியலறைக்குப் போனாள்.