நாலாவது படி

முதலாளி மறுபடியும் கட்டைவிரலை வைத்தார். கூட்ட அறைக் கதவு அசைந்து கொடுக்கவில்லை.

கதவில் இருந்தது அவர்கள் நிறுவனமே தயாரிக்கும் கைரேகைப் பூட்டு. பக்கத்தில் நின்றிருந்தவர், அந்தப் பூட்டை நம்பிக் கோடிக்கணக்கில் பணம் போட்ட அம்மாள்.

"உங்க மனைவி எங்கே? பாதி கம்பெனி அவங்களோடதுதானே?"

"வந்துட்டே இருக்கா மேடம்," என்றார் முதலாளி, கதவைப் பார்த்துக்கொண்டே.

சுவரோடு ஒட்டி நின்றிருந்தான் தேடல்காரன். இணையத்தில் யார் பூட்டைப் பற்றித் தேடினாலும், விளம்பரச் செலவே இல்லாமல், இவர்களுடைய பக்கத்தை முதலில் கொண்டுவந்து நிறுத்துவது அவன் வேலை. நிறுத்தியும் காட்டிவிட்டான். மாதாமாதம் லட்சக்கணக்கான பேர் அந்தப் பக்கத்துக்கு வந்து போகிறார்கள்.

ஆனால், வருவதெல்லாம் மனிதர்கள்தானா, இல்லை வெறும் கணினி நிரல்களா என்று அம்மாளுக்குச் சந்தேகம். இன்றைக்கு அவர் நம்பாவிட்டால் நாளைக்கு அவனுக்கு வேலை இல்லை.

"தானா திறந்துக்கும் மேடம்" என்று முதலாளி கெஞ்சியும் கேளாமல், பூட்டுத் திறப்பவர் ஒருவரை அம்மாளே போன் போட்டு வரச் சொல்லியிருந்தார். பூட்டுக்காரர் வந்தார். பூட்டைத் தட்டினார், காது வைத்துக் கேட்டார். பிறகு சாவகாசமாகச் செல்போனை எடுத்துத் தேடினார்.

முதலில் வந்தது தேடல்காரனின் கட்டுரை: 'திறக்காத கதவைத் திறக்க ஏழு படிகள்.'

அவனுக்குத் தெரிந்தவை மூன்றுதான். கட்டுரை நீளமாக இருந்தால்தான் முதலிடம் என்பதால், மீதியைச் சொந்தச் சரக்காகச் சேர்த்திருந்தான். அதிலும் நாலாவது, வீட்டில் அவன் மனைவி கதவைச் சாத்திக்கொண்டால் அவனே செய்வது.

பூட்டுக்காரர் விரலைத் துடைத்து வைக்கச் சொன்னார். பேட்டரியை மாற்றினார். பூட்டின் மின்சாரத்தை நிறுத்தி மறுபடி போட்டார். ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்ததை உரக்கப் படித்தார். "கதவில் நெற்றியை வைத்து, தப்பு என் மேலதான் என்று மூன்று முறை மெதுவாகச் சொல்லவும்."

தேடல்காரன் கூரையை ஆராய்ந்தான்.

"சார், இதை நான் சொல்லணுமா, நீங்க சொல்லணுமா?"

அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார்.

முதலாளி டையைத் தளர்த்திக்கொண்டார். பூட்டுக்காரரை மெல்ல நகர்த்திவிட்டு, கதவில் நெற்றியைப் பதித்தார்.

"தப்பு என் மேலதான்."

கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் மட்டும் வந்தது.

"இன்னும் ரெண்டு தடவை பாக்கி. நானும் அதைத்தான் படிச்சிட்டிருக்கேன்."

அம்மாள் பூட்டுக்காரரைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிறகு தேடல்காரன் பக்கம் திரும்பினார்.

"சரி. ரெண்டு பேர் நிஜம்."