மூன்றாவது பிளக்

"மாப்பிள்ளையாச்சேன்னு பார்க்கிறேன். வேற யாராவதா இருந்தா இந்நேரம் நடக்கிறதே வேற!"

ஒர்க்‌ஷாப்பில் காரை விட்டு இறங்கும்போதே மாமனார் ஆரம்பித்துவிட்டார். இருபத்தெட்டு வருஷத்துக் கார். நாலு சிலிண்டரில் ஒன்று வேலை செய்யாமல் வழியெல்லாம் இருமிக்கொண்டே வந்து சேர்ந்திருந்தது.

மருமகன் சாவியை மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றான்.

மெக்கானிக் நாற்பது வயதுப் பெண். பானட்டைத் தூக்கியபடி கேட்டாள்.

"என்ன சார் ஆச்சு?"

"போன ஞாயித்துக்கிழமைதான் நாலு ஸ்பார்க் பிளக்கையும் மாத்தினேன். இந்தக் கார் பிளக்கை இத்தனை வருஷத்துல என்னைத் தவிர ஒருத்தரும் தொட்டதில்ல. நான் தூங்கற நேரம் பார்த்து இவர் மூணாவது பிளக்கைக் கழட்டிப் பார்த்தாராம்!"

"எப்படி இருக்குன்னு சும்மா ஒரு தடவை..." என்று இழுத்தான் மருமகன்.

"எப்படி இருக்குன்னு பார்க்க, அது என்ன ஆஸ்பத்திரியில படுத்திருக்கா? பார்த்ததோட விட்டாரா? கோணலா வச்சு, ஸ்பானரால முறுக்கித் தள்ளியிருக்கார். ஏம்மா, நீயே சொல்லு. பிளக்கை முதல்ல எதால மாட்டணும்?"

"விரலால சார்."

"அப்படிச் சொல்லு! முதல் நாலு சுத்து விரலாலதான் போகணும். மரை கோணினா விரலுக்கு உடனே தெரிஞ்சிடும். ஸ்பானருக்குத் தெரியுமா? அதுக்கு ஏது உணர்ச்சி?"

அவருக்கு அந்தக் கார் என்றால் உயிர். ரிடையர் ஆன பிறகு தன் கையால் செய்ய அவருக்கு மிச்சமிருந்த ஒரே வேலை அதைப் பராமரிப்பதுதான்.

"இன்ஜின் கொதிக்குது சார். இப்பவே கழட்டினா மிச்சமிருக்கிற மரையும் சேர்ந்து வந்துடும். ஆறட்டும். டீ சொல்லட்டுமா?"

"சர்க்கரை இல்லாம ஒண்ணு. மாமாவுக்கு சுகர்," என்றான் மருமகன் முந்திக்கொண்டு.

"அதையும் ஊர் பூரா தண்டோரா போடுங்க!" என்றவர், மெக்கானிக்கிடம் மூன்றாவது பிளக்கைக் காட்டுவதற்காக இன்ஜின் மேல் கையை ஊன்றிக் குனிந்தார்.

"சார், கை!" அவள் கத்தினாள்.

அதற்குள் மருமகன் பாய்ந்து அவர் கையைப் பிடித்து இழுத்திருந்தான். சைலன்சர் குழாயில் பட்டு இரண்டு விரல் நுனிகள் சிவந்திருந்தன. ஒரு பாட்டில் தண்ணீர் முழுவதையும் அந்த விரல்களில் ஊற்றினான்.

"எதுக்கு இந்த அமர்க்களம்? அவ்வளவு ஒண்ணும் சூடு இல்ல," என்றார் மாமனார்.

மெக்கானிக் குழாய்ப் பக்கம் உள்ளங்கையைக் கொண்டுபோனாள். கிட்டே போவதற்குள் சுட்டது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

இன்ஜின் ஆறியதும் பிளக்கைக் கழற்றினாள். அதைச் சுற்றி அலுமினியச் சுருள்கள் நூல் நூலாக ஒட்டிக்கொண்டு வந்தன.

"மரை சுத்தமாப் போயிடுச்சு."

"அய்யய்யோ, அப்ப இன்ஜின் ஹெட்டையே மாத்தணுமா?"

"எதுக்கு சார்? துளையைக் கொஞ்சம் பெரிசு பண்ணிப் புது மரை வெட்டிட்டு, உள்ளே ஸ்டீல் புஷ் இறக்கிடறேன். பழசை விட கெட்டியா நிக்கும். என்னை நம்புங்க."

மரை வெட்டும் டேப்பில் கிரீஸை அப்பினாள், துகள் இன்ஜினுக்குள் விழாமல் அதில் ஒட்டிக்கொள்ள. அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று நிதானமாக வெட்டினாள். துளையைச் சுத்தமாகத் துடைத்துப் புஷ்ஷை இறக்கினாள். பிறகு தலையை நிமிர்த்தாமலே மருமகனிடம் சொன்னாள்.

"உங்க டூல்ஸ் பையில பிளக் ஸ்பானர் இருக்குமே, அதை எடுங்க தம்பி."

மருமகன் பையைத் துழாவினான். கடைசியில் சக்கரம் கழற்றும் பெரிய வீல் ஸ்பானர் ஒன்றை எடுத்து நீட்டினான்.

மாமனார் திட்டுவதற்கு வாயைத் திறந்தார். மருமகன் கையிலிருந்த வீல் ஸ்பானரைப் பார்த்தார். தன் விரல்களைப் பார்த்தார். நுனியில் கொப்புளம் எழும்பியிருந்தது. கட்டைவிரலால் அதை அழுத்திப் பார்த்தார், இன்னும் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். அவருக்கு வந்த டீ எப்போதோ ஆறிப்போயிருந்தது.

பைக்குள் தானே கையை விட்டுச் சரியான ஸ்பானரை எடுத்து மெக்கானிக்கிடம் கொடுத்தார்.

அவள் புது பிளக்கை விரலால் நாலு சுற்று உருட்டினாள். வழுக்கிக்கொண்டு இறங்கியது. பிறகுதான் ஸ்பானரைப் போட்டாள். சாவியைத் திருப்பியதும் நாலு சிலிண்டரும் ஒரே சீராக ஓடின.

"இனிமே இந்தக் கார்ல கையை வச்சீங்க, அவ்வளவுதான்!" மாமனாரின் குரல் முன்னைவிடப் பலமாகக் கேட்டது. "மரை கழண்டது இன்ஜினுக்கு இல்ல, உங்களுக்குத்தான்!"

"சரி மாமா. இனிமே தொடவே மாட்டேன்," என்றான் மருமகன் நிம்மதியாக. காரைத் தெருவுக்கு எடுத்துப் போனான்.

"கண்ணாடியை விட்டுட்டேன், இதோ வந்துடறேன்," என்று மாமனார் மட்டும் உள்ளே திரும்பி வந்தார். கண்ணாடி அவர் மூக்கின் மேலேயே இருந்தது.

பிளக் ஸ்பானரைத் துணியால் துடைத்து மேஜைமேல் வைத்தார்.

"இது இங்கேயே இருக்கட்டும்மா. வீட்ல தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிக்கறேன். இனிமே பிளக் மாத்தணும்னா உன்கிட்டயே கொண்டு வர்றேன்."

மெக்கானிக் அவர் விரல்களைப் பார்த்தாள். "அந்த மூணாவது பிளக்கை..."

"நான் மாட்டினதுதான். பிளக் ஸ்பானர் எதுன்னே தெரியாதவர் அதை எப்படிக் கழட்டியிருப்பார்? சுகர்ல விரல் மரத்துப் போனது இன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது. அவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு."

"அதை அவர்கிட்டயே சொல்லிடலாமே சார்? பாவம், எவ்வளவு திட்டு வாங்கினார்!"

வெளியே ஹாரன் அடித்தது. மாமனார் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சொல்லிட்டா, காலையிலேர்ந்து எனக்காக அவர் வாங்கின திட்டு அத்தனையும் வீணாப் போயிடும்மா."