விரதம் முடிந்த மத்தியானம்

தைப்பூச விரதத்தை முடித்துவைக்கும் இடும்பன் பூசை முடித்து வந்த கன்னையா, சட்டையைக் கழற்றிவிட்டுப் பாயில் குப்புறப் படுத்தான். காவடி முள் குத்திய இடங்களில் அவன் மனைவி தனலெட்சுமி திருநீற்றை வைத்து மெல்ல அழுத்தினாள்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே தொழிலாளர்களின் லய வீட்டில் மழைக்கு முந்திய புழுக்கம். தலைமுழுகிய ஈரம் அவள் கழுத்தில் இன்னும் காயவில்லை. காலையிலேயே மல்லிகை வாங்கித் தொடுத்துத் தலையில் வைத்திருந்தாள்.

தைப்பூசத்தன்று பால்குடத்தோடு அவன் பின்னால் பத்துமலைப் படியேறியபோது அவளுக்குக் கால்தான் வலித்தது. இப்போது, இந்தச் சூடான முதுகில் விரல் வைத்திருக்கையில்தான், கண்ணை மூடிக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

அது பக்தியா, ஆசையா என்று அவளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. பிரிக்கவும் தோன்றவில்லை.

குனிந்து அவன் தோளில் கன்னத்தை வைத்தாள்.

அவன் சட்டென்று விலகி எழுந்து உட்கார்ந்தான்.

"வேணாம், தனம். அடுத்த பூசம் வரைக்கும் இப்படியே இருந்துடுவோம். உடம்பு வேற, சாமி வேற."

போன வருஷமும் இதையேதான் சொன்னான். அதற்கு முந்திய வருஷமும்.

திருநீற்றுத் தட்டை அவள் ணங்கென்று தரையில் வைத்தாள்.

"முருகன் என்ன தனியாவா நிக்கிறாரு? ரெண்டு பக்கமும் பொண்டாட்டிங்களோடதானே நிக்கிறாரு?"

கன்னையா கழற்றிப்போட்ட சட்டையைக் கைநீட்டி எடுத்தான்.

குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருஷன் என்றால் அக்கம்பக்கத்தில் சொல்லி அழலாம். சாமி கும்பிடுகிற புருஷனைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்வது?

வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்பார்கள். அதனால் இத்தனை நாளும் அவள் கேட்டதில்லை. இன்று கேட்டுவிட்டாள்.

"அப்படி என்னதாங்க வேண்டிக்கிட்டீங்க?"

எஞ்சினுக்கு நிலக்கரி வாரிப் போட்டுக் காய்த்துப்போன தன் உள்ளங்கைகளையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, அழுதுவிடுவான் போன்ற குரலில் சொன்னான்.

"வேற என்ன கேப்பேன்? நமக்கு ஒரு பிள்ளை வேணும்னுதான். சுத்தமா இருந்தாத்தானே சாமி குடுக்கும்?"

தனலெட்சுமி அவன் முகத்தையே பார்த்தாள். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அவள் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

வேண்டாம் என்று இந்தத் தடவை அவன் சொல்லவில்லை.