கசக்காத பால்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். அஞ்சுகிராமத்துக்கு வெளியே இருக்கும் விதை ஆய்வுக்கூடத்தில் ரெஜிலா மட்டும் வேலை செய்கிறாள். மேற்கு ஜன்னல் வெயிலைக் காற்றாலையின் இறக்கை நிழல் வெட்டி வெட்டிப் போகிறது. மேசைமேல் இரண்டு எவர்சில்வர் தம்ளர்கள், இரண்டிலும் சோயாப் பால். ஒன்று சாதாரண விதையில் எடுத்தது. மற்றது, ஆறு வருடமாகச் செடிகளைக் கலப்புச் செய்து அவள் உருவாக்கிய விதையில் எடுத்தது. முளைக்குருத்தில் கசப்பைச் சேர்க்கும் மரபணு அந்த விதையில் வேலை செய்யவில்லை என்று கருவி சொல்லிவிட்டது. இனி ஒரு நாக்கு சொல்ல வேண்டும். அவள் நாக்கு சொல்லாது. போன வருடம் தொண்டைக் கட்டிக்குக் கதிர்வீச்சு கொடுத்ததில் போன ருசி இன்னும் திரும்பவில்லை. அதை இங்கே யாரிடமும் அவள் சொன்னதில்லை.

காவலாளி குமாரதாஸைக் கூப்பிடுகிறாள். அவர் முதல் தம்ளரை அண்ணாந்து ஊற்றியதுமே முகம் சுளிக்கிறார். “அய்யோ, கசப்பு தொண்டயிலயே நிக்குது மேடம்.” வாய் கொப்பளித்துவிட்டு இரண்டாவதை எடுக்கிறார். ஒரு மடக்கு. பிறகு இன்னொரு மடக்கு. ரெஜிலா அவர் புருவத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“இது கொள்ளாம். கசப்பு ஒண்ணும் இல்ல. பச்சக் கடல தின்ன மாதிரி இருக்கு.”

“நெசமாவா அண்ணே?”

“நெசந்தான். ஏன், நீங்க குடிச்சுப் பாக்கலியா?”

“பாத்தேன். நல்லா இருந்துச்சு.”

அவர் வாசலுக்குப் போனதும் மிச்சத்தை அவள் மெதுவாகக் குடிக்கிறாள். வெதுவெதுப்பு மட்டும் உள்ளே இறங்குகிறது. கொஞ்ச நேரம் கழித்து, கசக்கும் தம்ளரையும் எடுத்துக் குடிக்கிறாள். அதுவும் வெதுவெதுப்பாகவே இறங்குகிறது.