ஒன்பது எழுத்து

"நம்பர் நாலு அப்படியே நிக்குதுங்க. அதுக்கு மேல இருந்த பேரு மட்டும் எப்படீங்க போகும்?" என்று ஜெர்சியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார் பாலகோபால்.

"அதக் கேக்கத்தானுங்ணா நான் உங்ககிட்ட வந்தேன்" என்றாள் நந்திதா.

இந்தியாவின் பதினேழு வயதுக்குட்பட்ட பெண்கள் கால்பந்து அணிக்கு அவள் மேனேஜர். அணி மூன்று வாரமாகக் கோவையில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தது. ஜெர்சிகளில் எண்ணும் பெயரும் ஒட்டித் தரும் வேலை, பீளமேட்டில் பட்டறை வைத்திருந்த பாலகோபாலுக்கு வந்திருந்தது.

மொத்தம் இருபத்து மூன்று ஜெர்சி. இருபத்திரண்டில் ஒரு எழுத்தின் ஓரம்கூடத் தூக்கவில்லை. லோகப்பிரியாவின் ஜெர்சியில் மட்டும் ஒன்பது ஆங்கில எழுத்துகளும் பிய்ந்து போயிருந்தன.

"சனிக்கிழம மேட்ச்சுங்ணா. பேரில்லாத சட்டையோட எறங்க உட மாட்டாங்க. டிஃபன்ஸுக்கு இவள உட்டா ஆளில்ல. இவள வெளிய உக்கார வெச்சா, கோச் என்னைய ஊட்லயே உக்கார வெச்சுருவாரு."

லோகப்பிரியா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். பெருந்துறைப் பெண். கேட்டால் பதில் சொல்வாள். கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

"இங்க வா அம்மணி, இதப் பாரு" என்று பாலகோபால் அவளை மெஷின் பக்கம் கூப்பிட்டார். விளக்கம் சொல்ல அவருக்கு யாரும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. "எழுத்துக்குப் பின்னால காஞ்ச பசை இருக்குது. நூத்தம்பது டிகிரில பதினஞ்சு செகண்டு அமுக்குனா, உருகி நூலுக்குள்ள எறங்கும். ஆறுனதும் நூலக் கெட்டியாப் புடிச்சுக்கும். அப்பறம் நகத்துல சுரண்டுனாக் கிழிஞ்சு கிழிஞ்சுதான் வரும்."

"முழுசா எடுக்கவே முடியாதுங்களாண்ணா?" என்று கேட்டாள் லோகப்பிரியா.

அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஏன் முடியாது? திரும்பச் சூடு காட்டி, சூட்டோட சூடா உரிச்சாத் தாளாட்டம் வந்துரும். இஸ்திரிப் பெட்டியே போதும்."

"சரிங்ணா."

அவள் திரும்பியபோதுதான் பாலகோபாலுக்கு விடை கிடைத்தது. எண்ணெய் பளபளக்கும் அவள் பின்னல், பெயர் வரும் இடத்தில் சரியாகப் புரண்டுகொண்டிருந்தது. நம்பர் வரைக்கும் அது எட்டவில்லை.

"தேங்காயெண்ணெய்ங்க! பசைக்கு எண்ணெய் ஆகாது. ஊறி ஊறி இளகிப்போட்டுது. அம்மணி, இனிமேல் கொண்டை போட்டுக்க."

"சரிங்ணா."

பழையபடி ஒன்பது எழுத்து வெட்டி ஒட்டினார். முன்ஜாக்கிரதையாக இன்னொரு ஜெர்சியும் தயார்செய்து கொடுத்தார்.

சனிக்கிழமை காலையில் நந்திதா இரண்டு ஜெர்சிகளோடும் வந்தாள். பின்னால் லோகப்பிரியா கொண்டையோடு வந்தாள்.

"ரெண்டுலயும் போச்சுங்ணா."

"ரெண்டையும் போட்டுட்டு வெளையாடுனாளா?"

"நீங்க கூடக் குடுத்த இதத் தொடவே இல்லீங்ணா. மேட்ச்சுக்குன்னு பத்திரமா அவ பையிலயே இருந்துச்சு."

"அப்ப எண்ணெய் மேல தப்பில்லீங்க" என்று ஒப்புக்கொண்டு, பாலகோபால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

முதல் தடவை பசை திட்டுத் திட்டாக நின்றிருந்தது. இந்தத் தடவை ஒரு நூல்கூடச் சேதமில்லை. தாள் மாதிரி வந்திருந்தது. துணியின் ஓரத்தில் இஸ்திரிப் பெட்டியின் முனை பட்ட பளபளப்பு லேசாகத் தெரிந்தது.

அவர் நிமிர்ந்து லோகப்பிரியாவைப் பார்த்தார்.

"நான் வெளக்குனது நல்லாப் புரிஞ்சுதா அம்மணி?"

"நல்லாப் புரிஞ்சுதுங்ணா."

நந்திதாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"உனக்கு வெளையாட வேண்டாமா?"

"வேணுங்க்கா."

"பேரில்லாட்டி வெளிய உக்காரணும்னு தெரியுமா?"

"தெரியுங்க்கா."

"அப்பறம் எதுக்குடி?"

லோகப்பிரியா தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "கேம்ப்புக்கு வந்தன்னிக்கு ஒரு பாரம் குடுத்தீங்க. அதுல சட்டைல போடக் கடைசிப் பேருன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. நான் அதக் காலியா உட்டிருந்தேனுங்க்கா."

"காலியா உட்டாக் கம்ப்யூட்டர் எடுத்துக்காது. உன்ற ஆதார் கார்டப் பாத்து நான்தான் போட்டேன்."

"ஆமாங்க்கா."

"வாயத் தொறந்து அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"யாரும் கேக்கலீங்க்கா."

நந்திதா போனை எடுத்தாள். மேட்ச்சுக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது. "சரி, கேக்கறேன். அந்தக் கட்டத்துல என்ன போடட்டும்?"

லோகப்பிரியா சொன்னாள். நந்திதா தட்டச்சு செய்து மேலிடத்துக்கு அனுப்பினாள். ஒரு மணி நேரத்தில் அனுமதி வந்தது.

பாலகோபால் விரல்விட்டு எண்ணினார். "பதினொரு எழுத்து வருதுங்க. கொஞ்சம் ஒடுக்கி வெட்டோணும். தோள்பட்டை வரைக்கும் வரும்."

"வரட்டுங்ணா" என்றாள் லோகப்பிரியா.

அவளுடைய மூன்றாவது வயதில் வீட்டைவிட்டுப் போனவர் போனவராகவே இருந்துவிட்ட அப்பா காளிச்சாமியின் ஒன்பது எழுத்து இருந்த இடத்தில், பனியன் கம்பெனியில் இரண்டு ஷிஃப்ட் பார்த்து அவளுக்கு ஷூ வாங்கித் தந்த அம்மா சென்னியம்மாளின் பதினொரு எழுத்தை, அதே மெஷினில், அதே நூற்றைம்பது டிகிரியில், அதே பதினைந்து நொடி அமுக்கி ஒட்டினார் பாலகோபால். அதற்கப்புறம் நான்கு மேட்ச் ஆகிவிட்டது. எண்ணெய்ப் பின்னல் புரண்டும்கூட ஓர் ஓரம் தூக்கவில்லை.