இன்னொரு காப்பி

“அந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்காரன் உனக்கு எவ்வளவு கமிஷன் தாரான்?”

பவுல் கேட்ட கேள்வியில், விஜிலாவின் கம்ப்யூட்டர் கடைக்கு பிரிண்ட் எடுக்க வந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“கமிஷன்லாம் இல்ல அண்ணாச்சி. உங்க லேப்டாப்புல ஹார்டு டிஸ்க் சாகக் கிடக்கு. பேக்கப் சாஃப்ட்வேருக்கு வருசம் மூவாயிரம் ரூவா. தானா காப்பி எடுத்து, பாஸ்வேர்டு போட்டு வெளியூர் சர்வர்ல வச்சிரும். லேப்டாப்பே போனாலும் பாயிண்டு போவாது.”

“வெளியூர்லயா? நல்லாருக்கே கதை! சும்மா கெடைக்கதுல ஒரு காப்பி அடிச்சுத் தா. ஒண்ணே ஒண்ணு. நீ எதுவும் வச்சுக்கிடக் கூடாது. மாதா மேல சத்தியம் பண்ணு.”

பாயிண்டு என்றால் கடலுக்குள் மீன் கூடும் இடம். ஜி.பி.எஸ். கருவியில் குறித்துப் பெயர் வைத்து, லேப்டாப்பிலும் ஏற்றி வைத்துக்கொள்வார்கள். திரேஸ்புரத்தில் வள்ளம் வைத்திருப்பவர்கள் வீட்டு நகையைக்கூடக் காட்டுவார்கள், பாயிண்டைக் காட்டமாட்டார்கள். பவுலிடம் இருந்தவை இருநூற்றுப் பதினான்கு. இருபத்திரண்டு வருட உழைப்பு.

அதிலும் அவர் ஏற்கெனவே சூடு பட்டவர். நாலு வருடம் அவர் வள்ளத்தில் தூண்டில் போட்ட அமலன், இரண்டு வருடத்துக்கு முன்பு தனியாக வள்ளம் வாங்கினான். வாங்கிய கையோடு இவர் இடங்களிலேயே வந்து நின்றான். ஊர்க் கமிட்டியில் கூப்பிட்டுக் கேட்டால், “நான் எதையும் எடுக்கல” என்று பைபிளைத் தொட்டான். அதோடு இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

விஜிலா சத்தியம் செய்தாள். இலவச டூல் ஹார்டு டிஸ்க்கை ஈயடிச்சான் காப்பியாக இன்னொன்றில் இறக்கி முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் பவுல் உட்காரவில்லை. வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தார். வாங்கிய டீயை ஆறவிட்டார்.

“ரெண்டையும் ஒரே இடத்துல வைக்காதிய அண்ணாச்சி.”

தலையை மட்டும் ஆட்டினார். வீட்டில் வைத்தால் எவனாவது பார்த்துவிடுவானே! லேப்டாப், காப்பி, ஜி.பி.எஸ். கருவி மூன்றையும் ஒரே பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு மூடி, வள்ளத்திலேயே கொண்டு திரிந்தார். எட்டாம் நாள் ஒரு அலை வள்ளத்தைச் சாய்த்தது. ஆட்கள் தப்பித்தார்கள். டிரம் போயே போய்விட்டது.

கரையேறியதும் விஜிலாவிடம்தான் ஓடினார்.

“ஏளா, நீ ஒரு காப்பியாவது வச்சிருப்பல்லா? சொல்லு, கோவப்பட மாட்டேன்.”

“நீங்கதான அண்ணாச்சி சத்தியம் வாங்குனிய.”

ஐந்து நாள் பவுல் இருப்புக்கொள்ளாமல் அலைந்தார். ஞாபகத்தில் இருந்த பத்துப் பன்னிரண்டு இடங்களைத் தேடிப் போய் டீசலை எரித்ததுதான் மிச்சம். கூட வரும் ஐந்து பேரில் இரண்டு பேர் வேறு வள்ளம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். இனி எதை வைத்துப் பிழைப்பது?

ஆறாம் நாள் விஜிலா போன் போட்டு வரச் சொன்னாள். போனதும் பென்டிரைவைச் செருகித் திரையைக் காட்டினாள்.

“உங்க பாயிண்டு. பாருங்க.”

வரிசையாக அவர் வைத்த பெயர்கள். பவுலுக்குக் கண் நிறைந்துவிட்டது. அடுத்த நிமிஷமே அந்தக் கண் சிவந்தது.

“அப்ப நீ காப்பி வச்சிருந்திருக்க! மாதா மேல பொய்ச் சத்தியம்! எத்தன பேருக்கு வித்த?”

கடை நிறைய ஆட்கள். விஜிலா தலையை நிமிர்த்தவில்லை.

“மன்னிச்சிருங்க அண்ணாச்சி. நான்தான் வச்சிருந்தேன்.”

“திருட்டுக் கழுதை! இனி எவன் உன் கடைப்படி ஏறுதான்னு பாக்கேன்.”

சொன்னதைச் செய்தார். கடற்கரை முழுக்க விஜிலாவின் பெயரை நாறடித்துவிட்டுத்தான் புது ஜி.பி.எஸ். கருவியில் பாயிண்டுகளை ஏற்றினார். சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

கடைசி இரண்டு வருடத்தில் குறித்த ஏழு இடங்களைக் காணோம். ஆனால் பட்டியல் அதோடு முடியவில்லை. கீழே முப்பத்தொரு இடங்கள். அவர் போகாத இடங்கள், அவர் வைக்காத பெயர்கள். ஜெப்ஸி ஒன்று, ஜெப்ஸி இரண்டு, ஜெப்ஸி மூன்று...

ஜெப்ஸி, அமலனின் மகள்.

விஜிலாவுக்குப் போன் போட்டார்.

“ஏளா... இது...”

“அத்தன பேரு முன்னால, பைபிளைத் தொட்டவன் பேரை எப்படி அண்ணாச்சி சொல்ல?” என்றாள் விஜிலா. “பென்டிரைவோட வந்து நின்னவன்ட்ட, ‘ஏலே, உன் பாயிண்டையாவது அழிச்சிருதேன், இல்லன்னா நீதான்னு கண்டுபிடிச்சிருவாரு’ன்னு சொல்லிப் பாத்தேன். ‘தெரியட்டும்க்கா. அவரோடத இத்தன நாளு நான் வச்சிருந்தேன்லா, என்னோடதும் அவருட்ட இருக்கட்டும்’னுட்டான்.”